மலைக்காரர்களின் மே மாதமும் ஒரு நாவலும்: கதைக்குள் போவது தப்பித்தலா?

ஏப்ரல் பிறந்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறும் சாலைகள் நிரம்பத் தொடங்கிவிடும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் வர இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று கணக்கு. எண்ணி எண்ணி உள்ளே விடும் அளவுக்கு ஜனம் வருகிறது என்றால், வீட்டுக் கவலையையும் வெயிலையும் கீழே விட்டுவிட்டு நாலு நாள் இருந்துவிட்டுப் போக ஓர் இடம் எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது.

மலையிலேயே குடியிருப்பவர்களுக்கு அந்த மாதம் வேறு மாதிரி. டாக்ஸி ஓட்டுபவர் விடியுமுன் வண்டியை எடுத்தால் நடுராத்திரிதான் வீடு திரும்புவார். காட்டேஜில் வேலை பார்ப்பவர்களுக்கும், வர்க்கி சுடுபவர்களுக்கும், ரோட்டோரம் கேரட் விற்பவர்களுக்கும் மீதி மாதங்களின் செலவுக்கு இந்த ஒன்றரை மாத சீசனில்தான் சம்பாதித்தாக வேண்டும். கோடை மழை விழுந்ததும் கொழுந்து வரத்து கூடும். கூடினால் பசுந்தேயிலை விலை இறங்கிவிடுமோ என்று சிறு விவசாயிக்குக் கவலை. பிளஸ் டூ முடிவு, பத்தாம் வகுப்பு முடிவு, நீட் தேர்வு எல்லாம் வருவதும் மே மாதத்தில்தான். ஜூனில் பள்ளிக் கட்டணம் காத்திருக்கும்.

கீழே இருப்பவர்கள் மேலே வரலாம். மேலே இருப்பவர்கள் எங்கே போவது?

சிலர் ஒரு புத்தகத்துக்குள் போகிறார்கள். பாத்திரம் கழுவி முடித்து, எல்லோரும் தூங்கிய பிறகு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு மணி நேரம் நாவல். அதற்கு வீட்டில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரே தினுசு: "வேலை தலைக்கு மேல கெடக்கு, இப்ப கதைப் புஸ்தகம் ஒரு கேடா?" இன்னொரு பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "தினமும் 6 நிமிடம் வாசித்தால் மனஅழுத்தம் 68 சதவீதம் குறையும்." ஒருவர் பொறுப்பில்லாத்தனம் என்கிறார், இன்னொருவர் மருந்து என்கிறார். எதை நம்புவது என்று குழப்பம் வருவது இயல்புதான். அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

அழுத்தம் என்பது எது?

உடல் ஓர் ஆபத்தைச் சந்திக்கும்போது அதைச் சமாளிக்கத் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறது. அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய ஹார்மோன்கள் சுரக்கின்றன. இதயத் துடிப்பு ஏறுகிறது, தசை இறுகுகிறது. ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ அறிஞர் 1936-இல் இதைப் பற்றி எழுதியதிலிருந்துதான் இந்தத் துறை வளர்ந்தது. கொண்டை ஊசி வளைவில் எதிரே திடீரென்று காட்டெருமை நின்றால் வரும் படபடப்பு இந்த வகை. காட்டெருமை நகர்ந்ததும் சில நிமிடங்களில் உடம்பு பழைய நிலைக்கு வந்துவிடும். இதில் கெடுதல் இல்லை. உயிரைக் காப்பாற்றும் ஏற்பாடு இது.

காட்டெருமை போன பிறகும் மனசு அதையே நினைத்துக்கொண்டிருப்பதில்தான் சிக்கல். கடன் தவணை தேதி இன்னும் பத்து நாள் தள்ளி இருக்கிறது, ஆனால் இன்றைக்கு ராத்திரி இரண்டு மணிக்கே உடம்பு அதற்குத் தயாராகி விழித்துக் கிடக்கிறது. இதற்குத் தமிழில் பொருத்தமான சொல் இருக்கிறது: அசைபோடுதல். உளவியலில் இதற்குப் புழங்கும் ஆங்கிலச் சொல்லும் மாடு அசைபோடுவதிலிருந்து வந்ததுதான். சூசன் நோலன்-ஹோக்செமா என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1991-இல் வெளியான அவருடைய ஆய்வில், மனச்சோர்வு வந்தபோது அதையே அசைபோட்டவர்களுக்குச் சோர்வு நீண்ட நாள் நீடித்தது என்று தெரிந்தது. யோசித்தால் தீர்வு கிடைக்கும் என்று நாம் நினைக்கிறோம். அசைபோடுவதில் யோசனை முன்னே நகர்வதே இல்லை, சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகிறது.

ஆக, கடினமான ஒரு மாதத்தில் இரண்டு சுமைகள் இருக்கின்றன. ஒன்று, நிஜமான பிரச்சினை. மற்றொன்று, அந்தப் பிரச்சினைக்கு எதுவும் செய்ய முடியாத நேரத்திலும் அதைச் சுமந்துகொண்டிருப்பது. கதையால் முதல் சுமையைத் தொட முடியாது. இரண்டாவதைத்தான் அது இறக்கி வைக்கிறது.

கதை அந்த இடத்தில் என்ன செய்கிறது?

இதைப் புரிந்துகொள்ள மூளையின் 'வேலை நினைவு' பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். இந்தக் கணத்தில் நாம் எதைக் கையாள்கிறோமோ அதைத் தாங்கி நிற்கும் சிறிய மேசை என்று அதைச் சொல்லலாம். ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற இரு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1974-இல் இதற்கு ஒரு வரைபடம் தந்தார்கள். மேசையில் ஒரு பகுதி சொற்களுக்கு, அதாவது நமக்குள் நாமே பேசிக்கொள்ளும் குரலுக்கு. இன்னொரு பகுதி மனக்கண்ணில் தெரியும் படங்களுக்கு. இரண்டுமே சின்ன இடங்கள், சீக்கிரம் நிரம்பிவிடும்.

கவலை எப்படி ஓடுகிறது என்று கவனித்தால் ஒன்று புரியும். அது பெரும்பாலும் பேச்சாகத்தான் ஓடுகிறது. 'அவரிடம் என்ன சொல்வது, அவர் இப்படிக் கேட்டால் என்ன பதில்' என்று உள்ளே ஒரு குரல் பேசிக்கொண்டே இருக்கும். இப்போது கதை அந்த மேசைக்கு வந்து சேரும்போது நடப்பவை இவை:

1. உள்குரல் கைமாறுகிறது. வாசிக்கும்போது சொற்கள் நமக்குள் ஒலிக்கின்றன. கவலை பேசிக்கொண்டிருந்த அதே இடத்தில் இப்போது வேறொருவர் பேசுகிறார். ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேச அங்கே இடம் கிடையாது.

2. படத்துக்கான இடமும் நிரம்புகிறது. திரையில் படம் தயாராக வந்துவிடும். கதையில் அந்த வீட்டின் திண்ணையை, அங்கே உட்கார்ந்திருக்கும் கிழவரின் முகத்தை நாம்தான் வரைய வேண்டும். அந்த உழைப்பே கவலையின் படங்களை வெளியே தள்ளுகிறது.

3. அக்கறை இடம் மாறுகிறது. கதையிலும் கஷ்டம் இருக்கிறது, பல நேரம் நம்முடையதைவிடப் பெரிய கஷ்டம். ஆனால் அது இன்னொருவருடையது. அதற்காக நாம் அழலாம், தூங்காமல் இருக்கலாம், ஆனால் அதைத் தீர்க்க வேண்டிய கடமை நமக்கு இல்லை.

4. அதற்கு ஒரு முடிவு உண்டு. நிஜக் கவலைக்குக் கடைசிப் பக்கம் எங்கே என்று தெரியாது. கையில் இருக்கும் புத்தகத்தில் இன்னும் எத்தனை பக்கம் என்று விரலுக்குத் தெரியும்.

நான்கும் சேர்ந்து நடக்கும்போது, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதில் விழாத நிலை வருகிறது. மெலனி கிரீன், திமதி பிராக் ஆகியோர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இந்த நிலையை அளக்க ஒரு கேள்வித் தாளையே உருவாக்கியது. கதை நம்மை ஓரிடத்துக்குக் 'கொண்டுபோய்விடுகிறது' என்பதே அவர்கள் பயன்படுத்திய உருவகம். கவனமும் உணர்ச்சியும் மனப்படமும் ஒரே திசையில் திரும்புவதுதான் அதன் இலக்கணம்.

மொபைலில் ரீல்ஸ் பார்ப்பதும் கவனத்தை மாற்றத்தானே செய்கிறது என்று கேட்கலாம். மாற்றுகிறது, ஆனால் அரை நிமிடத்துக்கு ஒரு முறை முடிந்து, அடுத்தது தொடங்குகிறது. அந்த இடைவெளி ஒவ்வொன்றிலும் கவலை எட்டிப் பார்த்துவிடும். தன்னம்பிக்கைப் புத்தகங்களுக்கு வேறு ஒரு குறை உண்டு. அவை 'நீ', 'உன் வாழ்க்கை', 'உன் தவறு' என்று வாசிப்பவரையே மறுபடி மறுபடி சுட்டுகின்றன. அமைதியான நாட்களில் அது பயன்படலாம். தன்னைப் பற்றி நினைத்து நினைத்தே களைத்துப் போனவருக்கு ராத்திரி பத்து மணிக்கு அது இன்னொரு சுமை. கதையின் பெரிய கொடையே அதில் நாம் இல்லை என்பதுதான்.

இது தமிழ் வாழ்க்கைக்குப் புதிய விஷயமும் இல்லை. மழை பொய்த்துப் போன ஊர்களில் மகாபாரதத்தின் விராட பர்வத்தை வாசிக்க வைத்துக் கேட்கும் வழக்கம் இருந்தது. மழை வரும் என்ற நம்பிக்கைதான் காரணம். ஆனால் கருகிய பயிரை நினைத்து வீட்டுக்கு வீடு தனியாகக் கிடந்தவர்கள் அந்த இரவுகளில் ஓரிடத்தில் கூடி, பாண்டவர்கள் மறைந்து வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். பிற்காலத்தில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து, பைண்டு செய்து, தெரு முழுக்க இரவல் கொடுத்தவர்களும் இதே தேவையைத்தான் தீர்த்துக்கொண்டார்கள்.

வாசிக்கும்போது உடம்பு ஓய்வெடுக்கிறதா?

புத்தகம் படித்தால் உடனே உடம்பு தளர்ந்து அமைதியாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். தென்னாப்பிரிக்க உளவியலாளர் விக்டர் நெல் 1988-இல் வெளியிட்ட ஆய்வு வேறு சொல்கிறது. சந்தோஷத்துக்காகக் கதை படிப்பவர்களின் உடலில் கருவிகளைப் பொருத்தி அவர் அளந்து பார்த்தார். கதையில் ஆழ்ந்திருந்தபோது, சும்மா ஓய்வாக இருந்ததைவிட உடல் விழிப்பாகவே இருந்தது. புத்தகத்தை மூடிய பிறகுதான் அந்த விழிப்பு சட்டென்று இறங்கியது.

கடினமான மாதத்தில் சிலர் மெல்லிய கதைகளைத் தள்ளிவிட்டுத் துப்பறியும் நாவலைத் தேடுவது ஏன் என்பதற்கு இதில் விளக்கம் இருக்கிறது. உடம்பு ஏற்கெனவே படபடத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒரு காரணமும் ஒரு முடிவும் கிடைத்தால் போதும். கொலை செய்தவன் அகப்பட்டதும் அந்தப் படபடப்பும் இறங்குகிறது. இப்படிப்பட்ட கதைகளை இலக்கியம் தெரிந்தவர்கள் மட்டமாகப் பேசுவது சரியில்லை. பதினாறு மணி நேரம் மலைச்சாலையில் வண்டி ஓட்டியவருக்கு மாத நாவல் ஒன்று தரும் ஓய்வை மதிக்க வேண்டும்.

68 சதவீதம் எங்கிருந்து வந்தது?

அந்த எண் 2009-இல் பிரிட்டனில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இயங்கிய ஓர் ஆய்வகத்திலிருந்து வந்தது. ஒரு சாக்லேட் நிறுவனம் தன் புத்தகப் பிரசாரத்துக்காகச் செய்யச் சொன்ன சோதனை அது. பங்கேற்றவர்கள் ஒரு சிறிய குழுதான். மற்ற அறிஞர்கள் சரிபார்த்து வெளியிடும் ஆய்விதழ் எதிலும் அது கட்டுரையாக வரவில்லை. ஆகவே '6 நிமிடம், 68 சதவீதம்' என்பதை அளவு போட்டுக் கொடுத்த மருந்துச் சீட்டு போல நினைக்கக் கூடாது.

2013-இல் இன்னொரு ஆய்வும் பெரிதாகப் பேசப்பட்டது. இலக்கியக் கதைகளைச் சிறிது நேரம் படித்தாலே பிறர் மனதைப் புரிந்துகொள்ளும் திறன் கூடுகிறது என்று அது சொன்னது. பிறகு வேறு குழுக்கள் அதே சோதனையைச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. வாசிப்பின் மேல் அன்பு உள்ளவர்கள்தான் இந்த மாதிரி எண்களைப் பரப்புகிறார்கள், ஆனால் பொய்த்துப்போகும் ஓர் எண்ணின் மேல் வாசிப்பை நிறுத்தினால் எண் விழும்போது வாசிப்பும் சேர்ந்து விழும். கதையில் ஆழ்ந்திருக்கும் நேரத்தில் கவனம் இடம் மாறுகிறது, அசைபோடுவது குறைகிறது என்ற அளவுக்குச் சொல்லலாம். அதுவே போதுமான காரணம்.

தப்பித்தலில் இரண்டு வகை

இனி வீட்டிலிருந்து வரும் குற்றச்சாட்டுக்கு வருவோம். கதை படிப்பது தப்பித்தல்தான். அதை மறுக்கத் தேவையில்லை. எந்தத் தப்பித்தல் என்பதுதான் கேள்வி. நார்வே உளவியலாளர் ஃப்ரோட ஸ்டென்செங் இதை இரண்டாகப் பிரித்தார். முதலாவது, தன்னை அழுத்தி வைப்பது: கெட்ட எண்ணம் வராமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே ஒன்றில் மூழ்குவது. இரண்டாவது, தன்னை விரிப்பது: நல்ல ஒன்றை அனுபவிக்கப் போவது, போய்விட்டுக் கொஞ்சம் பெரியவராகத் திரும்புவது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், கையில் புத்தகம், காதில் எதுவும் விழாது. விளைவுகள் வேறு. முதல் வகை, சோர்வோடும் தன் கட்டுப்பாடு குறைவதோடும் சேர்ந்து காணப்படுகிறது.

கோத்தகிரிப் பக்கம் இரண்டு வீடுகளைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஒரு வீட்டில், கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்குகிறது. பையன் மூன்றாம் நாளாக நாவல் படிக்கிறான். விண்ணப்பத்தைத் திறந்தால் மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டும், அதற்குப் பயம். பக்கத்து வீட்டில், விண்ணப்பத்தைப் போட்டாகிவிட்டது, பதில் வர இரண்டு வாரம் ஆகும். அந்தப் பெண்ணும் நாவல் படிக்கிறாள். காத்திருப்பதைத் தவிர அவள் கையில் இப்போது எதுவும் இல்லை. அவளைப் பார்த்து "பொறுப்பில்லை" என்பது அநியாயம். பையனுக்கு முதலில் வேண்டியது, அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது கூட உட்கார ஒருவர்.

நம்மை நாமே கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகள் போதும்:

1. இப்போது, இந்த நேரத்தில், இந்தப் பிரச்சினைக்கு நான் செய்யக்கூடிய காரியம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதை முடித்துவிட்டுப் படிக்கலாம். இல்லையென்றால் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை.

2. புத்தகத்தை மூடியதும் மனசு கொஞ்சம் இளகுகிறதா, அல்லது உடனே அடுத்ததை எடுக்காவிட்டால் பயம் வருகிறதா?

3. தூக்கம், சாப்பாடு, மனிதர்களோடு பேச்சு ஆகியவற்றிலிருந்து எடுத்துக்கொண்ட நேரமா இது, அல்லது அசைபோட்டுக் கிடந்திருக்கக்கூடிய நேரமா?

அந்த ஒரு மணி நேரம் யாருக்குக் கிடைக்கிறது?

இதைச் சொல்லாமல் வாசிப்பைப் பற்றி எழுதுவது நியாயமாக இருக்காது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண் மாலையில் வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுடைய இரண்டாவது வேலை நாள் தொடங்குகிறது. தண்ணீர், அடுப்பு, பிள்ளைகள், மாமியாருக்கு மருந்து. சீசனில் காட்டேஜ் வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் அப்படியே. ஆண் பிள்ளை பேப்பர் விரித்தால் அது உலக விஷயம், பெண் நாவலை விரித்தால் அது சோம்பல் என்று இன்னமும் பல வீடுகளில் கணக்கு. மனஅழுத்தத்துக்கு வாசிப்பு நல்லது என்று ஒரு வீடு நம்பினால், ராத்திரி பாத்திரத்தை வேறு யாராவது கழுவ வேண்டும். அந்த மாற்றம் நடக்காத வரை இந்த அறிவுரை பாதிப் பேருக்குச் சேராது.

புத்தகத்தின் விலை அவ்வளவு பெரிய தடையாக இருக்க வேண்டியதில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் வந்தது பழைய சென்னை மாகாணத்தில், 1948-இல். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் விடாத முயற்சி அதற்குப் பின்னால் இருந்தது. அந்தச் சட்டத்தின்படி உள்ளாட்சிகள் சொத்து வரியோடு நூலக வரியும் வாங்குகின்றன, இன்று ரூபாய்க்கு 10 காசு. வீட்டு வரி கட்டும் குடும்பம் ஏற்கெனவே நூலகத்துக்குப் பணம் கட்டிவிட்டது. ஊட்டியில் 1859-இல் தொடங்கிய நீலகிரி நூலகம் உறுப்பினர்களுக்கானது. ஆனால் அரசின் மாவட்ட மைய நூலகமும் கிளை நூலகங்களும் எல்லோருக்குமானவை. உறுப்பினராகி வீட்டுக்குப் புத்தகம் எடுத்துப் போகலாம்.

எந்தக் கதை, எப்போது, எதில்?

களைத்த மூளைக்குப் புதிய உலகத்தைப் பழக்கிக்கொள்வதே வேலை. அதனால் மிகக் கடினமான வாரங்களில் ஏற்கெனவே படித்த, பிடித்த கதையைத் திரும்ப எடுப்பது நல்ல வழி. பாத்திரங்களை நினைவில் வைக்கும் உழைப்பு குறையும், அடுத்து என்ன நடக்கும் என்ற பதற்றமும் இருக்காது. டாக்ஸி ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்துக்குச் சிறுகதை பொருந்தும். பாதியில் எழுந்தாலும் இழப்பில்லை. நாவலுக்குத் தினமும் ஒரே நேரம் ஒதுக்கினால், பகல் முழுக்க 'ராத்திரி அங்கே போவோம்' என்ற எதிர்பார்ப்பு கூடவே வரும். அந்த எதிர்பார்ப்பும் ஓய்வில் சேர்த்திதான்.

தூங்கப் போகும் முன் என்றால் அச்சுப் புத்தகம் மேல். 12 பேரை வைத்து நடத்தி 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒளிவிடும் திரையில் படித்தவர்களுக்குத் தூக்கத்துக்கு உதவும் மெலட்டோனின் குறைந்தது. அச்சில் படித்தபோது வந்ததைவிடத் தூக்கம் சுமார் 10 நிமிடம் தாமதமாகவும் வந்தது. சிறிய ஆய்வு, திரையை முழு வெளிச்சத்தில் மணிக்கணக்காகப் பார்த்த ஆய்வு. எனவே மொபைலில் மட்டும்தான் கதை கிடைக்கும் என்றால், வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு படிப்பதில் தவறில்லை. அங்கேயே வாட்ஸ்அப் எட்டிப் பார்க்கும் என்பதுதான் பெரிய தொல்லை, இணையத்தை அணைத்துவிடலாம். ஜூன் முடிந்து தென்மேற்குப் பருவமழை வலுக்கும்போது மரம் விழுந்து கரண்ட் போகும் ராத்திரிகளுக்கு, ஒரு டார்ச்சும் ஒரு தடித்த புத்தகமும் முன்கூட்டியே எடுத்து வைப்பது நல்லது.

கதை எட்டாத இடம்

பசுந்தேயிலை விலையையும், வட்டியையும், பாதி நேரச் சம்பளத்தையும் எந்த நாவலும் மாற்றாது. அவற்றுக்குச் சங்கமும் சட்டமும் அரசும் வேண்டும். மனசுக்குள்ளும் கதை எட்டாத ஓரிடம் இருக்கிறது. வழக்கமாக விரும்பிப் படிப்பவர் ஒருவர், ஒரே பத்தியை நாலு முறை படித்தும் ஒன்றும் ஏறவில்லை என்று புத்தகத்தை வைத்துவிடுகிறார், பிடித்த எதிலும் ஆர்வமில்லை, தூக்கமும் பசியும் கெட்டிருக்கிறது, இது இரண்டு வாரமாகத் தொடர்கிறது என்றால் அது மனச்சோர்வு நோயின் அறிகுறியாக இருக்கலாம். கவனம் குவியாமல் போவதும் அந்த நோயின் ஒரு பகுதி. அவரிடம் "ஒரு நல்ல நாவல் படி" என்பது கால் முறிந்தவரிடம் நடந்தால் சரியாகிவிடும் என்பது போல. அவருக்கு மருத்துவர் வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். அழைக்கத் தயங்கினால் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணை அழுத்திக் கொடுக்கலாம். படிக்க முடியாமல் கிடப்பவர் கேட்க விரும்பினால், அவர் பாதியில் விட்ட பக்கத்திலிருந்து சத்தமாக வாசித்தும் காட்டலாம்.